கொலுப் படியில் காட்டேரி

நேற்று நம் தமிழ்க் குழுவில் சுற்றிய படத்தைப் பார்த்திருப்பீர்கள். என் வீட்டுக் கொலுதான். மூன்றாம் படியில் இருந்த, மனித முகம் வடித்த மண் ஜாடியைச் சிவப்பில் வட்டமிட்டு, "நவராத்திரியில் காட்டேரிக்கு என்ன வேலை?" என்று கேட்டிருந்தார் ஒரு சகோதரி. சிரித்தவர்களில் பாதிப் பேர் அன்று மாலைதான் என் வீட்டில் சுண்டல் சாப்பிட்டவர்கள்.

அது காட்டேரி இல்லை. அமெரிக்காவில் தென் கரோலினாவின் எட்ஜ்ஃபீல்டில் அடிமைகளாக இருந்த கறுப்பினக் குயவர்கள் தந்த வடிவம். பிதுங்கிய கண்ணும் பல்லும் வெள்ளைச் சீனக்களிமண். உடல் வேறு மண். இரண்டையும் விறகுச் சூளையில் ஒன்றாகச் சுட்டு விரிசல் விடாமல் எடுக்க வேண்டும். செய்து பாருங்கள், பிறகு சிரிக்கலாம். காதோரம் சாம்பல் மெருகு வழிந்து பச்சைக் கண்ணாடிபோல் உறைந்திருப்பது வட்டமிட்டவர் கண்ணில் படவே இல்லை.

அடிமைகளாக ஆட்களை அமெரிக்காவுக்குக் கப்பலில் கொண்டுவருவதற்கு 1808இலேயே தடை. ஆனாலும் 1858இல் வாண்டரர் என்ற கப்பல் 400க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை ஜார்ஜியாவில் இறக்கியது. அவர்களில் பலரை எட்ஜ்ஃபீல்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் டேவ் என்ற அடிமைக் குயவர், அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பதே குற்றமாக இருந்த காலத்தில், தன் உறவெல்லாம் எங்கே என்று ஈர மண்ணில் கேட்டு எழுதினார். அவருடைய ஜாடி ஒன்று 2021இல் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. விலையைச் சொன்னால்தானே நமக்கு மரியாதை வரும்!

"சாமி இருக்கும் இடத்தில் இதெல்லாமா?" என்கிறார்கள் குழுவில். செட்டியார் கடை இருக்கலாம், கிரிக்கெட் அணி இருக்கலாம், இது மட்டும் கூடாது.

"நீ வாங்கியது ஒரு வெள்ளைக்காரர் செய்ததுதானே?" ஆமாம். நியாயமான கேள்விதான். இன்னொரு நாள் பேசலாம்.

என் தாத்தா சூளை வைத்தவர். பிரிக்கும்போது விரிசல் விட்டவற்றைத் தட்டிப் பார்த்து வீட்டுக்கென்று ஒதுக்குவார். நல்ல பானையில் நாங்கள் சமைத்ததே இல்லை. ஊருக்கெல்லாம் கொலுப் பொம்மையும் அவர்தான் செய்து கொடுத்தார். என் அம்மாவை எந்த வீட்டிலும் கொலுவுக்கு அழைத்ததில்லை. பொம்மையைக் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்ப வேண்டும். உங்கள் படியில் நிற்கும் பண்ருட்டிப் பொம்மையை யார் செய்தார்கள் என்று ஒரு நாளாவது கேட்டிருப்பீர்களா?

இல்லை, எனக்குக் கோபம் இல்லை. அது காட்டேரி இல்லை என்றுதான் சொல்கிறேன்.

விஜயதசமி வரை ஜாடி அதே படியில்தான் இருக்கும். படமெடுத்த அவசரத்தில் அந்தச் சகோதரி வெற்றிலை பாக்கு வாங்காமலே போய்விட்டார். தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.