காசநோயாளிக்குத் தனித் தட்டும் 6 மாதத் தனிமையும் தேவையா?

“காசநோய் வந்தவருக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைக்க வேண்டும், 6 மாத மருந்து முடியும்வரை அருகில் யாரும் அமரக் கூடாது, குணமானாலும் பழைய வாழ்க்கை இல்லை” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பரவி வருகிறது. இது தவறு.

நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் காற்றில் கலக்கும் கிருமியை மற்றவர் சுவாசிப்பதால்தான் நோய் தொற்றுகிறது; உண்ட தட்டாலோ கைகுலுக்கலாலோ தொற்றுவதில்லை. 6 மாதம் என்பது வழக்கமான சிகிச்சைக் காலமே. மருந்துக்குக் கட்டுப்படும் காசநோயில், முறையாக மாத்திரை உட்கொண்டால், தொற்றும் தன்மை பெரும்பாலும் சில வாரங்களிலேயே வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை முகக்கவசமும் காற்றோட்டமும் தனியே உறங்குவதும் வேண்டும். மருந்தெதிர்ப்புக் காசநோய்க்கு மருத்துவர் சொல்லும் காலமே கணக்கு.

முதல் 2 மாதம் 4 மருந்துகளை உட்கொள்பவருக்குக் குமட்டல், மூட்டுவலி வரக்கூடும். அவற்றுள் ஒன்றான ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது தீங்கற்றதே என்றாலும், முன்கூட்டிச் சொல்லாவிட்டால் எவரும் திடுக்கிடவே செய்வார். இத்தனைக்கும் மேலாக, சொந்த வீட்டிலேயே தமக்கென ஒதுக்கிக் கவிழ்த்து வைத்த தட்டை வேளைதோறும் பார்க்க நேரும் ஒருவர், மனம் சோர்ந்து, நோயை மறைத்து, மாத்திரையை நடுவில் நிறுத்தக்கூடும். மருந்தெதிர்ப்புக் கிருமி உருவாக அதுவே வழி. செய்தியை அனுப்புகிறவர்கள் காக்க நினைக்கும் குடும்பத்துக்கே அது ஆபத்து.

குணமான பலர் வேலைக்கும் இல்லற வாழ்வுக்கும் திரும்புகின்றனர். நுரையீரல் தழும்பால் சிலருக்கு மூச்சுத்திணறல் நீடிப்பது உண்மைதான். அவர்களுக்கு மூச்சுப் பயிற்சி உள்ளிட்ட மறுவாழ்வுச் சிகிச்சை உண்டு.