2015 உச்சம் இல்லை: வசூலைத் தலைக்கணக்காக மாற்றிப் பாருங்கள்

ஸ்டார் வார்ஸ் படங்களின் வசூலை ஒப்பிடும் அந்த வரைபடம் எல்லார் பக்கத்திலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 1977-இல் வந்த முதல் படம்தான் உச்சம் என்பது என் கட்சி. என்னை டேக் செய்து "இப்ப என்ன சொல்றீங்க?" என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் எழுதி மாளவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அந்த வரைபடத்தில் படத்துக்கு ஒரு பட்டை போட்டிருக்கிறார்கள். 1977-இல் வந்த முதல் படத்துக்கு 77.5 கோடி டாலர். 2015-இல் வந்த தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸுக்கு 206.8 கோடி டாலர். "உச்சம் எது என்ற விவாதம் இத்தோடு முடிந்தது" என்று கீழே ஒரு வரி. "பெருசுங்க பழைய நினைப்பிலேயே கிடக்கட்டும்" என்று அதற்கும் கீழே பின்னூட்டங்கள்.

எதையும் முடித்துவைக்கிற தகுதி அந்த வரைபடத்துக்கு இல்லை. ஒரு படம் எப்போது அதிகம் விரும்பப்பட்டது என்று கேட்டால், எத்தனை பேர் போய்ப் பார்த்தார்கள் என்று எண்ண வேண்டும். டாலரை எண்ணினால் டிக்கெட் விலை எவ்வளவு ஏறியது என்றுதான் தெரியவரும்.

எண்ணிப் பார்ப்போம். அமெரிக்காவில் ஒரு டிக்கெட்டின் சராசரி விலை 1977-இல் 2.23 டாலர், 2015-இல் 8.43 டாலர். முதல் படம் தன் முதல் சுற்றில் அமெரிக்கச் சந்தையில் வசூலித்தது சுமார் 22 கோடி. 2.23-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9.9 கோடி டிக்கெட். தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ் அதே சந்தையில் 93.67 கோடி, 8.43-ஆல் வகுத்தால் 11.1 கோடி டிக்கெட். "பார்த்தீங்களா, 2015தானே அதிகம்" என்பீர்கள். மக்கள்தொகையைப் பாருங்கள். 1977-இல் அமெரிக்காவில் சுமார் 22 கோடிப் பேர், 2015-இல் சுமார் 32 கோடிப் பேர். அப்படியென்றால் 1977-இல் நூறு பேருக்கு 45 டிக்கெட், 2015-இல் நூறு பேருக்கு 35. அதுவும் முதல் சுற்றை மட்டும் வைத்து. 1978, 79, 81, 82 என்று மறுபடி மறுபடி திரையிட்டார்களே, அந்தக் கூட்டத்தை இன்னும் சேர்க்கவே இல்லை.

அந்த 11.1 கோடியும் மேலோட்டமான கணக்குதான். 8.43 என்பது அந்த ஆண்டு ஓடிய எல்லாப் படத்துக்கும் சேர்த்த சராசரி. இந்தப் படத்துக்கு 3டி, ஐமேக்ஸ் என்று கூடுதல் கட்டணம் கொடுத்துப் பார்த்தவர்கள் மற்ற படங்களைவிட அதிகம். அதனால் ஒரு தலைக்கு வசூலான தொகை சராசரிக்கு மேலே நிற்கும், தலைகள் குறையும். வசூல் கணக்குகளைத் தொகுக்கும் பாக்ஸ் ஆபிஸ் மோஜோ தளத்தின் மதிப்பீடே சுமார் 10.8 கோடி என்றுதான் இருந்தது. அதே தளத்தில் முதல் படத்துக்கு எல்லா மறுவெளியீடும் சேர்த்துச் சுமார் 17.8 கோடி டிக்கெட். விலைவாசியைச் சரிக்கட்டிய அமெரிக்கப் பட்டியலில் கான் வித் தி விண்ட் முதலிடம், ஸ்டார் வார்ஸ் இரண்டாமிடம். பல வருடங்களாக அந்த வரிசை மாறவில்லை.

1977தான் உச்சம் என்கிற நம் பக்கத்து ஆட்களும் ஒரு தப்பு செய்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். மொத்த அமெரிக்க வசூல் 46.1 கோடியை அப்படியே 2.23-ஆல் வகுத்து "20 கோடி டிக்கெட்" என்று எழுதுகிறார்கள். அது செல்லாது. அந்த 46.1 கோடியில் சுமார் 13.8 கோடி, 1997 ஜனவரி 31-இல் வெளியான சிறப்புப் பதிப்பின் வசூல். அப்போது சராசரி டிக்கெட் 4.59 டாலர். எந்த ஆண்டில் வந்த பணமோ அந்த ஆண்டின் விலையால் வகுக்க வேண்டும்.

இதையே திருப்பி அந்த வரைபடத்துக்கும் கேட்கிறேன். 1977 என்று எழுதிய பட்டைக்குள் 1997-இல் வந்த பணம் எப்படிப் போனது? இருபது வருடம் கழித்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் கொடுத்த காசை 1977-இன் பேரில் எழுதிவிட்டு, அதையும் 2015-ஐவிடக் குறைவு என்று காட்டுகிறார்கள். பட்டையின் பெயரும் தப்பு, அளவுகோலும் தப்பு.

இன்னொரு பொறியும் உண்டு. எழுபதுகளின் பத்திரிகைகளில் "இந்தப் படம் இத்தனை மில்லியன்" என்று வருவது பல சமயம் திரையரங்கில் வசூலான மொத்தத் தொகை கிடையாது. அதில் விநியோகஸ்தருக்குப் போன பங்கு. திரையரங்கின் பங்கைக் கழித்த பிறகு மிஞ்சுவது. அந்தத் தொகையை எடுத்து இன்றைய மொத்த வசூலின் பக்கத்தில் வைத்தால் பழைய படங்கள் எல்லாமே குள்ளமாகத்தான் தெரியும். பழைய எண்ணை எங்கே பார்த்தாலும், அது மொத்த வசூலா பங்குத்தொகையா என்று முதலில் பாருங்கள்.

சரி, ஆட்சேபங்களுக்கு வருகிறேன்.

"முதல் வார இறுதியிலேயே 24.8 கோடி டாலர், 1977-இல் அது நடந்ததா?" நடக்கவில்லை, நடக்கவும் முடியாது. 1977 மே 25 புதன்கிழமை அந்தப் படம் வெளியானபோது அமெரிக்கா முழுக்க 32 திரையரங்குகள்தான். 2015-இல் 4,134. அக்டோபரிலேயே முன்பதிவு தொடங்கிவிட்டது. நாடு முழுக்க ஒரே நாளில் கதவைத் திறந்தால் கூட்டம் ஒரே நாளில் உள்ளே வரும். தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ் 20 நாளில் 76 கோடியைத் தாண்டி அவதாரின் அமெரிக்கச் சாதனையை முறியடித்தது. அதன் மொத்த அமெரிக்க வசூலில் அது ஐந்தில் நான்கு பங்கு. ஒரு மாதத்துக்குள் வெள்ளம் வடிந்துவிட்டது.

1977-இல் வெள்ளம் வடியவில்லை. ஹாலிவுட்டின் சைனீஸ் திரையரங்கில் முன்னமே ஒப்புக்கொண்ட வேறொரு படத்துக்காக இதை எடுத்தார்கள். அந்தப் படம் நிற்கவில்லை. ஆகஸ்ட் 3-ஆம் தேதி ஸ்டார் வார்ஸ் அதே அரங்குக்குத் திரும்பி வந்தபோது, வாசலில் ஈர சிமென்ட்டில் டார்த் வேடரும் இரண்டு ரோபோக்களும் கால் பதித்த விழாவைப் பார்க்கத் தெரு நிறைய ஜனம். அக்டோபரில் இந்தப் படத்தின் இசையை டிஸ்கோவாக மாற்றிப் போட்ட இசைக்கலைஞர் மெக்கோவின் இசைத்தட்டு பில்போர்டு என்கிற அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடம். நவம்பரில் ஜாஸ் (Jaws) படம் வைத்திருந்த வசூல் சாதனை போனது. அடுத்த மே மாதமும் படம் எடுக்கப்படாமல் ஓடிய அரங்குகளுக்கு, படத்தை வெளியிட்ட ஃபாக்ஸ் நிறுவனம் ஒரு சுவரொட்டி அனுப்பியது: நடுவில் பிறந்தநாள் கேக், அதைச் சுற்றி நிற்கும் பொம்மைகள். ஒரு படத்துக்கு முதல் பிறந்தநாளைத் திரையரங்கிலேயே கொண்டாடியிருக்கிறார்கள்! 2015 படத்துக்கு இது நடந்ததா என்று நானும் கேட்கலாம்தானே?

"ஒரே ஆள் பல தடவை பார்த்தால் அது எப்படி அத்தனை பேர் ஆகும்?" இது மட்டும்தான் உண்மையில் யோசிக்கவைக்கிற கேள்வி. அன்றைக்கு வீட்டில் பார்க்க வழியே இல்லை. வீடியோ கேசட் வாடகைக்கு வந்தது 1982-இல். நாடு முழுக்கத் தெரியும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது 1984-இல். மறுபடி பார்க்க வேண்டுமென்றால் மறுபடி டிக்கெட்தான். ஆகவே 9.9 கோடி டிக்கெட் என்றால் 9.9 கோடித் தலைகள் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2015-இலும் திரும்பத் திரும்பப் போனவர்கள் இருக்கிறார்கள், அந்த 11 கோடியும் தனித்தனித் தலைகள் இல்லை. இன்னொன்று, வீட்டில் பார்க்க முடியாதது எல்லாப் படத்துக்கும் பொதுவான நிலைமை. அந்த ஆண்டு வந்த மற்ற படங்களுக்கும் கேசட் கிடையாது. அவற்றுக்கு ஏன் ஒரு வருடம் கழித்துக் கேக் சுவரொட்டி போகவில்லை? ஒருவர் கையிலிருக்கும் காசை எடுத்து அதே வரிசையில் மறுபடி நிற்கிறார் என்றால், அதைவிடப் பெரிய விருப்பத்தை எந்த எண்ணால் காட்டுவது?

"உலக வசூல்?" முதல் படம் வெளியான காலத்தில் சீனத் திரையரங்குகளுக்குப் போகவேயில்லை. 2016 ஜனவரியில் தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸுக்குச் சீனாவில் கிடைத்தது மட்டும் சுமார் 12.4 கோடி டாலர். கதவு மூடியிருந்த ஊரில் கூட்டம் வரவில்லை என்று குறை சொல்வதில் எந்த நியாயமும் இல்லை. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

திரைக்கு வெளியேயும் பாருங்கள். 1977 கிறிஸ்துமஸுக்குப் பொம்மைகள் தயாராகவில்லை. கென்னர் நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? ஒரு தட்டை அட்டை உறையில் ஒரு சான்றிதழைப் போட்டு விற்றது. பொம்மை எதுவும் உள்ளே கிடையாது. அந்தச் சான்றிதழை நிரப்பித் தபாலில் அனுப்பினால், அடுத்த ஆண்டு லூக், லேயா, ஆர்2-டி2, சூபாக்கா என்று நான்கு பொம்மைகள் வீட்டுக்கு வரும். மூன்றே முக்கால் அங்குலப் பொம்மைக்கான வாக்குறுதியைக் காசு கொடுத்து வாங்கி, மரத்தடியில் பிள்ளைகளுக்குப் பரிசாக வைத்தார்கள் பெற்றோர். 1978-இல் விற்ற பொம்மைகள் 4 கோடிக்கும் மேல். விருப்பம் என்றால் இது. இதற்கெல்லாம் அந்த வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் இடம் இல்லை.

இதே முறையில் மற்றதையும் போட்டுப் பாருங்கள். 1983-இன் ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடாய், 25.2 கோடி டாலர், 3.15 விலை: 8 கோடி டிக்கெட், நூறு பேருக்கு 34. அதாவது 2015-க்கும் அதற்கும் நூலிழைதான் வித்தியாசம். 1999-இன் தி ஃபேண்டம் மெனஸ், 43.1 கோடி, விலை 5.08: நூறு பேருக்கு 30. 2002-இன் படம் 18 அருகே, 2005-இன் படம் 20 அருகே. 2018-இன் சோலோ நூறு பேருக்கு 7. டாலரை மட்டும் பார்ப்பவருக்குச் சோலோவின் அமெரிக்க வசூல் 21.4 கோடி, 1977-இன் முதல் சுற்றுக்கு அருகே நிற்கும். இரண்டும் சமம் என்று சொல்ல அந்த வரைபடக்காரருக்கே மனம் வருமா?

எனக்கு வலிப்பது எண்கள் இல்லை. 2015 படத்தை நான் எங்கேயும் மட்டம் தட்டியதில்லை. பத்து வருட இடைவெளிக்குப் பிறகு நூறு பேருக்கு 35 டிக்கெட் என்பது பிரமாதமான வரவேற்பு, மறுக்கவே மாட்டேன். ஆனால் கணக்கு கேட்டதற்கு வயதைப் பதிலாகச் சொல்கிறீர்கள். 1977-ஐ உச்சம் என்று சொல்ல அந்த வருடம் பிறந்திருக்க வேண்டியதில்லை, வகுக்கத் தெரிந்தால் போதும்.

இந்தத் தப்பான கணக்கால் பாதிக்கப்படுவதும் நாம்தான். 2015-இன் பட்டையைப் பார்த்து, இந்தக் கூட்டம் எப்போது கூப்பிட்டாலும் வரும் என்று நம்பினார்கள். 2012-இல் 405 கோடி டாலருக்கு, ஸ்டார் வார்ஸைத் தயாரிக்கும் லூகாஸ் ஃபிலிமை வாங்கிய டிஸ்னி, ஆண்டுக்கு ஒரு படம் என்று முன்பே போட்ட திட்டத்தை விடாமல் தொடர்ந்தது. 2017 டிசம்பரில் ஒன்று, ஐந்தே மாதத்தில் 2018 மே மாதம் சோலோ. உலகம் முழுக்கச் சேர்த்தும் 39 கோடியோடு அது நின்றது. 1977-இல் இருந்து 80-க்கு மூன்று வருடம், 80-இல் இருந்து 83-க்கு மூன்று வருடம். அந்த இடைவெளியில்தான் மறுவெளியீடுகள் ஓடின, பொம்மைகள் விற்றன, ஆசை ஆறாமல் இருந்தது. அந்த ஆசையை அளக்காமல் கல்லாப்பெட்டியை மட்டும் அளந்தவர்கள் இடைவெளியைத் தூக்கி எறிந்தார்கள்.

வரைபடம் போட்ட நண்பருக்கு ஒன்று. அழிக்கச் சொல்லவில்லை, திருத்தச் சொல்கிறேன். 1977-இன் பட்டையிலிருந்து 1997-இன் பணத்தைப் பிரித்துத் தனிப் பட்டையாகப் போடுங்கள். அமெரிக்காவையும் மற்ற நாடுகளையும் பிரியுங்கள். ஒவ்வொன்றையும் அந்தந்த ஆண்டின் சராசரி விலையால் வகுத்து, அந்த ஆண்டின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டு மறுபடி வெளியிடுங்கள். அதை என் பக்கத்தில் நானே பகிர்கிறேன்.