ஆமாம், கேம் விளையாடத்தான்

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் சனிக்கிழமை இரவு நடந்த கூத்து உங்களில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. ஆகவே கதையை நீட்டவில்லை: இரவில் கேம் ஆடும்போது இணைய இணைப்பு இழுத்தடிக்கிறது, அறுந்துபோகிறது என்று ஆத்திரத்தில் எழுதினேன். "கேம் விளையாடத்தானே சார், அதற்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்?" என்று கேட்ட பெரியவருக்கும், அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களுக்கும் மட்டும் இந்தப் பதில்.

ஆமாம், கேம் விளையாடத்தான். மாதாமாதம் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்துப் பணம் கட்டுகிறேன். அந்த இணைப்பில் நான் பக்திப் பாடல் கேட்கிறேனா, பங்குச் சந்தை பார்க்கிறேனா, துப்பாக்கி சுடுகிறேனா என்று பில்லில் எந்தக் கட்டமும் இல்லை. நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?

"300 எம்பிபிஎஸ் வருகிறதே" என்று ஸ்பீடு டெஸ்ட் படம் அனுப்பினீர்கள். வரும், யார் இல்லை என்றது? சாலை எத்தனை வழி அகலம் என்பது வேறு, கோயம்பேட்டிலிருந்து தாம்பரம் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பது வேறு. நான் புகார் சொன்னது இரண்டாவதைப் பற்றி. அதைத்தான் பிங் என்கிறோம். நான் இணையத்தில் விளையாடும் துப்பாக்கிச் சண்டை கேம் வேலரண்ட். அதை நடத்தும் கணினி, அதாவது சர்வர், மும்பையில் இருக்கிறது. சென்னையிலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கணக்குப்படி போய்வர 10 மில்லிவிநாடி போதும். கேபிள் வளைந்து நெளிந்து போவதையும் வழியில் இருக்கும் ரௌட்டர்களையும் சேர்த்தால்கூட 30, 40-க்குள் முடிய வேண்டிய காரியம். பகலில் முடிகிறது. இரவு ஒன்பது மணி ஆனால் 180. தரவு எந்த வழியாகப் போகிறது என்று காட்டும் டிரேஸ்ரூட் போட்டுப் பார்த்தால், மும்பைக்குப் போக வேண்டிய தரவு சிங்கப்பூரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறது! ஸ்பீடு டெஸ்டில் இது தெரியாது. அது பெரும்பாலும் பக்கத்திலேயே, பல நேரம் அதே நிறுவனத்தின் வலைக்குள்ளேயே இருக்கும் சர்வரைத் தொட்டுவிட்டு வந்து நற்சான்றிதழ் கொடுத்துவிடும்.

"எங்கள் வீட்டில் படம் நன்றாகத்தான் ஓடுகிறது." ஓடாமல் என்ன செய்யும்? நீங்கள் பார்க்கும் காட்சிக்கு அடுத்து வருவதைத் தொலைக்காட்சி முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் இரண்டு விநாடி இணைப்பு செத்துப் பிழைத்தாலும் உங்களுக்குத் தெரியாது. கேமில் முன்கூட்டி இறக்க எதுவுமே இல்லை. எதிராளி அடுத்து என்ன செய்வான் என்பது அவனுக்கே இன்னும் தெரியாது. அந்த சர்வர் விநாடிக்கு 128 முறை ஆட்டத்தின் நிலையைக் கணக்கிடுகிறது. இணைப்பில் உள்ள கோளாறு முதலில் எங்களுக்குத்தான் தெரியும், உங்களுக்குப் பிறகுதான். நம் குடியிருப்புச் சங்கச் செயலாளர் அமெரிக்காவில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசும்போது "குரல் விட்டுவிட்டு வருகிறதம்மா" என்று மாடிப்படி வரைக்கும் கேட்கக் கத்துகிறார். சார், அதுவும் இதே நோய்தான்.

வைஃபையை விட்டுவிட்டு கேபிளில் போடச் சொன்ன தம்பிக்கு: கேபிளில்தான் இருக்கிறேன்.

புகார் கொடுத்தால் ஒரு பையன் வருவான். தன் கைபேசியில் ஸ்பீடு டெஸ்ட் போடுவான், படம் எடுப்பான். அவன் பைக் வாசல் கேட்டைத் தாண்டுவதற்குள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்துவிடும். அவன்மீது எனக்குக் கோபம் இல்லை, அவனுக்கு அவ்வளவுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தாமதத்தையும் தரவு இழப்பையும் அளக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024 சேவைத் தர விதிகள் சொல்கின்றன. அதை அந்தப் பையனிடம் சொன்னேன். சிரித்தான்.

இன்னொருவர், "ஆன்லைன் கேமைத்தான் அரசாங்கமே தடை செய்துவிட்டதே" என்றார். ஐயா, தடை செய்தது பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை. ரம்மியில் குடும்பங்கள் அழிந்ததை நானும் பார்த்திருக்கிறேன், அந்தத் தடையை வரவேற்றவன்தான். 2025-இல் வந்த அதே மத்தியச் சட்டம், கேமைப் போட்டியாக ஆடும் இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரிக்கிறது. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். செய்தியின் தலைப்பை மட்டும் படித்துவிட்டு என்னைச் சூதாடி வரிசையில் நிறுத்தாதீர்கள். குழந்தைகள் கெட்டுப்போகிறார்கள் என்பது பெரிய விஷயம், பேச வேண்டியதுதான். எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

அதுதான் உங்களுக்குப் பிரச்சினை என்பதும் தெரியும். போன வருடம் ஐபிஎல் ஆட்டத்தின் நடுவில் மின்சாரம் போனபோது மொத்தக் குடியிருப்பும் ஜெனரேட்டர் அறை வாசலில் நின்றதே, அப்போது "கிரிக்கெட் பார்க்கத்தானே சார்" என்று யாராவது சொன்னோமா? பெரியவரே முன்வரிசையில்தான் நின்றார். மாலையில் கிளப் ஹவுஸில் சீட்டாடினால் அது பொழுதுபோக்கு, நான் ஹெட்போன் மாட்டினால் பொறுப்பில்லாதவன்.

யாருடன் விளையாடுகிறேன் என்று எவரும் கேட்கவில்லை. நாகர்கோவிலில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரக் காசைப் பாதிப் பாதியாகப் போட்டு கவுன்டர்-ஸ்டிரைக் ஆடியவர்கள் நானும் என் நண்பனும். அவன் இப்போது சிங்கப்பூரில், ஜூரோங்கில் வேலை பார்க்கிறான். போனில் பேசினால் "எப்படி இருக்கிறாய், நன்றாக இருக்கிறேன்" என்று இரண்டு நிமிடத்தில் பேச்சு வற்றிவிடும். ஆட்டத்தில் உட்கார்ந்தால் ரவுண்டுக்கும் ரவுண்டுக்கும் நடுவில்தான் அவன் அப்பாவின் டயாலிசிஸ், எடுக்கலாமா வேண்டாமா என்றிருக்கும் வீட்டுக்கடன் எல்லாம் வெளியே வரும். அங்கே மணி இரண்டரை மணி நேரம் முன்னால், வாரத்தில் அந்த ஒரு இரவுதான் எங்களுக்கு. சனிக்கிழமை அவன் எதையோ சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் இணைப்பு அறுந்தது. அந்த ஆத்திரத்தில்தான் குழுவில் எழுதினேன். அதற்குத்தான் நீங்கள் சிரித்தீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிடிக்கவில்லை என்றால் வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாமே என்கிறீர்கள். எப்படி மாறுவது? சங்கம் ஒரே நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு மற்றவர்களின் கேபிளைக் காவலாளி அறையிலேயே திருப்பி அனுப்புகிறது. கட்டடத்துக்குள் எல்லா நிறுவனங்களுக்கும் வழி விட்டால் யாருக்கு நஷ்டம்? அந்த ஒப்பந்தத்தை யாரும் இதுவரை கண்ணால் பார்க்கவில்லை. அடுத்த பொதுக்குழுவில் அதை மேசையில் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கப்போகிறேன். மூன்றாவது மாடிக் கல்லூரிப் பையன்கள் கையெழுத்துப் போடத் தயார். பெரியவர் தாராளமாக எதிர்த்துப் பேசட்டும், பொம்மை போடாமல் நேரில் வந்து.