குவிஜுவில் அணை இல்லை

கொரியாவின் குவிஜு போரைப் பற்றி இரண்டு நாளாக எல்லோரும் பகிரும் அந்தக் காணொளியை நானும் பார்த்தேன். வெள்ளித் தாடிக் கிழவர், அதாவது கோரியோவின் (அன்றைய கொரிய அரசு) தளபதி காங் கம்சான், கையை அசைக்கிறார், அணை உடைகிறது, வடக்கிலிருந்து படையெடுத்து வந்த ஒரு லட்சம் கித்தான் வீரர்களும் வெள்ளத்தோடு போகிறார்கள். பணிவாகத்தான் திருத்தம் சொன்னேன். வந்த பதிலை நீங்களும் படித்திருப்பீர்கள்: "தாத்தா, போய் ஓய்வெடுங்கள்."

குவிஜுவில் அணை இல்லை. காங் கம்சான் மாட்டுத்தோல்களைக் கோத்து ஓடையை மறித்தது எல்லைக் கோட்டையான ஹுங்ஹ்வாஜினில், 1018இல், படையெடுப்பின் தொடக்கத்தில். அதன் பிறகும் கித்தான் தளபதி சியாவ் பாய்யாவின் படை கோரியோவின் தலைநகர் கேகியோங் பக்கம் வரை வந்தது. எல்லோரும் மூழ்கியிருந்தால் வந்தவர்கள் யார், ஆவிகளா? திரும்பும் வழியில், 1019இல்தான் குவிஜு. வெட்டவெளியில், நேருக்கு நேர். வெற்றி யாருக்கென்று தெரியாமல் இழுபறியாக இருந்தபோது கோரியோவின் இன்னொரு தளபதி கிம் ஜோங்-ஹியோனின் படை வந்து சேர்ந்தது. தெற்கிலிருந்து காற்றும் மழையும் எதிரியின் முகத்தில் அடித்தன. கித்தான்களில் சில ஆயிரம் பேரே ஊர் திரும்பினார்கள். அணை இல்லை.

"மழையும் தண்ணீர்தானே" என்கிறார் ஒரு புத்திசாலி. வாழ்க.

"புகழத்தானே செய்கிறார்கள், உங்களுக்கு என்ன வந்தது?" என்றும் கேட்கிறார்கள். நியாயம்தான். ஆனால் எதற்காகப் புகழ்கிறார்கள்? ஒரு தந்திரத்துக்காக. அந்த மனிதர் 983இல் அரசுத் தேர்வில் முதலிடம் பெற்றவர். படிப்பால் பதவிக்கு வந்தவர். 1010இல் கித்தான்களின் லியாவ் பேரரசரே படையோடு வந்தபோது மற்ற அமைச்சர்கள் சரணடையச் சொல்ல, பின்வாங்கிக் காலம் கடத்துவோம் என்றவர் இவர் ஒருவரே. அரசர் ஹியோன்ஜோங் தெற்கே நாஜுவுக்குப் போனார். தலைநகர் எரிந்தது, நாடு பிழைத்தது. அதைப் படம் பிடிக்க யாருக்கும் ஆசையில்லை. குள்ளம், அழகில்லாத முகம், பழைய அழுக்கு உடை என்றே கோரியோ வரலாற்று நூல் அவரை எழுதுகிறது. காணொளியிலோ ஆறடி உயரம்!

ஓய்வுபெறச் சில ஆண்டுகள் இருக்கும்போதே என் அலுவலகத்தில் என்னைத் தபால் பதிவேட்டுக்கு மாற்றினார்கள். புதிய மென்பொருள் வந்திருந்தது. "உங்களுக்கு எதற்கு சார் சிரமம்?" முப்பது ஆண்டுக் கணக்குகளைத் தலையில் வைத்திருந்தவனை எவ்வளவு மரியாதையாக ஒதுக்கினார்கள்! சொந்தக் கதையை ஏன் கொண்டுவருகிறாய் என்பீர்கள். கொண்டுவருவேன். எழுபது வயதுக் காகிதக்காரரை நம்பி 2,08,300 பேர் கொண்ட படையை ஓர் அரசர் ஒப்படைத்தார் என்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

வென்று வந்தவரை எதிர்கொண்டு போய், பொன்னால் செய்த எட்டுப் பூக்களை அவர் தலையில் சூட்டினார் ஹியோன்ஜோங். பணியிலிருந்து விலகக் கேட்டபோதோ ஊன்றுகோல் கொடுத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை அவைக்கு வந்தால் போதும் என்றார். கேகியோங்குக்கு வெளிமதில் வேண்டும் என்று காங் வற்புறுத்தியிருந்தார். 1029இல் அதுவும் கட்டி முடிந்தது. 1030இல், எண்பதைத் தாண்டிய பிறகு, முதலமைச்சர் பதவி. "உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்று சொல்ல அந்த ஊரில் ஆள் இல்லை போலும்.