ஆண்டீஸைக் கடந்த ரயில்: தோற்கடித்தது மலை அல்ல

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயிலில் ஏறியவர்கள், கல்லாறு தாண்டியதும் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே தொடங்கும் பல்பாதையைப் பார்த்திருப்பீர்கள். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த அந்த முறையில், எஞ்சினின் பல்சக்கரம் பாதையின் பற்களைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. நீலகிரியில் 1899-இல் ஓடத் தொடங்கிய அதே ஆப்ட் முறையை, அதே மீட்டர் கேஜ் பாதையில், உலகின் மறுகோடியில் ஆண்டீஸ் மலைத்தொடரின் மீதும் அமைத்தார்கள். அர்ஜென்டினாவின் மெண்டோசாவையும் சிலியின் லாஸ் ஆண்டீஸ் நகரத்தையும் இணைத்த, ஏறத்தாழ 248 கிலோமீட்டர் நீளமுள்ள டிரான்ஸ் ஆண்டீன் ரயில்பாதை அது. நம் மலை ரயில் இன்றும் ஏறிக்கொண்டிருக்கிறது. அங்கோ 1984-க்குப் பிறகு எல்லையைக் கடந்து ஒரு வண்டியும் போகவில்லை. அந்தப் பாதையை மலை கொன்றுவிட்டது என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

இந்தப் பாதையைக் கனவு கண்டவர்கள் ஹுவான், மாத்தேயோ என்ற கிளார்க் சகோதரர்கள். சிலியில் பிறந்த பிரிட்டிஷ் வம்சாவளியினரான இவர்கள்தான் 1870-களின் தொடக்கத்தில் ஆண்டீஸைத் தாண்டித் தந்திக் கம்பியை இழுத்தவர்கள். பசிபிக் கரையிலிருந்து அட்லாண்டிக் கரைக்குப் போக வேண்டுமானால், அன்று கோவேறு கழுதை மீது கணவாயைக் கடக்க வேண்டும், அல்லது தென்கோடியைச் சுற்றிக் கப்பலில் போக வேண்டும். ரயிலுக்கான உரிமை 1870-களிலேயே கிடைத்தும், வேலை தொடங்கியது 1887-இல்தான். 1890-இல் லண்டனின் பேரிங் வங்கி ஆட்டங்கண்டு அர்ஜென்டினாவின் பொருளாதாரம் நிலைகுலைந்தபோது, பணம் வற்றி வேலையும் தேங்கியது. கடைசியில் 1910 ஏப்ரலில், சுமார் 3,200 மீட்டர் உயரத்தில், 3 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளமுள்ள உச்சிச் சுரங்கத்தின் வழியே இரு நாடுகளும் இணைந்தன.

மெண்டோசாவிலிருந்து சுரங்கம் வரையிலான ஏற்றம் 180 கிலோமீட்டர் அளவுக்கு நீண்டு மெல்ல மெல்ல உயர்கிறது. சிலிப் பக்கத்திலோ ஏறத்தாழ 70 கிலோமீட்டருக்குள் 2,400 மீட்டர் இறங்கியாக வேண்டும். ஆகவே பல்பாதையின் பெரும்பங்கும், பனிச்சரிவுக்கு எதிரான காப்புக் கூரைகளில் பலவும் அந்தப் பக்கம்தான் தேவைப்பட்டன. சிலி தன் பகுதியை 1920-களில் மின்மயமாக்கியது. அர்ஜென்டினப் பகுதியில் நீராவி எஞ்சினே தொடர்ந்தது. ஒரே பாதை, இரண்டு கம்பெனிகள், இரண்டு கணக்குப் புத்தகங்கள்!

இதைவிடப் பெரிய பிழை பாதையின் அகலத்தில் இருந்தது. புவெனஸ் அயர்ஸிலிருந்து மெண்டோசா வரை 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை, லாஸ் ஆண்டீஸிலிருந்து வால்பரைசோ துறைமுகம் வரையும் அதே 1,676 மில்லிமீட்டர். இது நம் இந்திய அகலப்பாதையின் அளவும்கூட. நடுவே மலையில் மட்டும், செலவு குறையும் என்பதற்காக ஒரு மீட்டர் அகலத்தில் போட்டார்கள். விளைவாக, பயணி இரண்டு முறை வண்டி மாற வேண்டும். சரக்கை மெண்டோசாவில் ஒருமுறையும் லாஸ் ஆண்டீஸில் ஒருமுறையும் இறக்கி ஏற்ற வேண்டும். பல்பாதையில் எடை குறைந்த சிறு வண்டிகள்தான், அவையும் மிக மெதுவாகத்தான், ஏற முடியும். 1914-இல் பனாமா கால்வாய் திறக்கப்பட்ட பிறகு, இத்தனை தொல்லைகளையும் சுமந்துகொண்டு இந்த ரயில் எப்படிப் போட்டியிட முடியும்?

மலையின் சீற்றத்தை நான் மறைக்கவில்லை. 1934 ஜனவரியில் பனியாறு அடைத்து வைத்திருந்த ஏரி ஒன்று உடைந்து மெண்டோசா ஆற்றில் பாய்ந்தபோது, அர்ஜென்டினப் பக்கத்தில் நெடுந்தூரத்துக்குப் பாதை அடித்துச் செல்லப்பட்டது. ஆனால் அதைச் சீர்செய்து மீண்டும் வண்டி விடப் பத்து ஆண்டுகள் ஆயின என்பதை வெள்ளத்தின் கணக்கில் எழுத முடியாது. அந்த வெள்ளம் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். பத்தாண்டுத் தாமதம் மனிதர்களின் தயக்கம். தன் மண்ணில் கிடக்கும் பாதிக்குச் செலவிட்டால் மறுபாதிக்காரனுக்கும் அல்லவா பயன் போகும் என்று ஒவ்வொரு நாடும் எண்ணத் தொடங்கிவிட்டால், பொதுச் சொத்தைப் பேண யாருமே மிஞ்சுவதில்லை.

உச்சிச் சுரங்கத்துக்கு மேலே, பழைய கணவாயில், ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் ஒரு கிறிஸ்து சிலை நிற்கிறது. எல்லைத் தகராறில் போர் மூளாமல் தப்பிய இரு நாடுகளும் 1904-இல் நட்பின் சின்னமாக அதை நிறுவின. அதே நாடுகள் 1978 டிசம்பரில், கண்டத்தின் தென்கோடியிலுள்ள பீகிள் கால்வாய்த் தீவுகளுக்காக மீண்டும் போரின் விளிம்புக்குப் போயின. பயணிகள் ரயில் 1979-இல் நின்றது. 1980-இல் மலையைக் குடைந்து சாலைச் சுரங்கம் திறக்கப்பட்டது. போப்பின் சமரசத்தால் 1984 நவம்பரில் நட்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. சரக்கு ரயிலும் கடைசியாக ஓடியது அந்த ஆண்டில்தான். சமாதானம் கைகூடிய வேளையில், அதைச் சுமந்து செல்லத் தகுந்த வாகனத்தைக் கைவிட்டார்கள் என்பது இன்றளவும் எனக்கு ஆறாத வருத்தம்.

இப்போது அந்தக் கணவாயில் லாரிகள் போகின்றன. குளிர்காலத்தில் பனி கொட்டும்போது சாலை நாள்கணக்கில் மூடப்பட்டு, லாரிகள் மலையடிவாரத்தில் வரிசைகட்டி நிற்கின்றன. ரயில் வேண்டும் என்று நான் சொல்வது பழைய பல்பாதையைத் தூசு தட்டி ஓட்டுவதற்காக அல்ல. பனிக்கோட்டுக்கு வெகு கீழே நீண்ட சுரங்கம் குடைந்து, இரு கரைகளிலும் ஏற்கெனவே கிடக்கும் அகலப்பாதையோடு நேராக இணைத்து, இரு நாடுகளுக்கும் சமமாகப் பொறுப்புள்ள ஒரே நிர்வாகத்தின் கீழ் அதை நடத்த வேண்டும். அப்படிப்பட்ட சுரங்கத் திட்டம் பலமுறை பேசப்பட்டும் வேலை தொடங்கவில்லை. செலவு அதிகம்தான், ஆனால் 1887-லும் அதே காரணத்தைச் சொல்லித்தானே மலையில் மட்டும் பாதையைக் குறுக்கினார்கள்?

பழைய பாதையில் ஒரு துண்டு மட்டும் பின்னரும் உயிரோடிருந்தது. லாஸ் ஆண்டீஸிலிருந்து ரியோ பிளாங்கோ வரையிலான அந்தச் சிலிப் பகுதியில், எல்லை கடந்த ஓட்டம் நின்ற பிறகும், செம்பு வெட்டியெடுக்கும் சுரங்கம் ஒன்றின் சரக்கு வண்டிகள் இறங்கி வந்தன. அதே மலை, அதே பனி. பாதை அங்கே அந்தச் செம்புச் சுரங்கத்துக்கு வேண்டியிருந்தது, அதனால் அதைப் பேணுவதற்கு ஆளும் இருந்தார்கள்.