ஐஸ் தண்ணீரில் முக்க வேண்டாம்
மேலே ஒருவர், "கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே ஐஸ் தண்ணீரில் முக்கி எடுங்கள்" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஏற்கெனவே வெப்பத்தில் தவிக்கும் பறவைக்கு அந்தத் திடீர் அதிர்ச்சியே ஆபத்தாகிவிடும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. இயல்பான உடல் வெப்பநிலையே ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். மூச்சிரைப்பில் ஈரத்தை ஆவியாக்கியும், கொண்டை, தாடி, இறகில்லாத கால்கள் வழியாகவும்தான் அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஆகவே நிழலில், காற்றோட்டமான இடத்தில், கணுக்கால் அளவு குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய தட்டில் நிற்க விடுங்கள். கொண்டையையும் ஈரத்துணியால் ஒற்றிவிடலாம். ஐஸ் கட்டியைக் குடிநீரில் போடுங்கள், அதில் தவறில்லை.

இறக்கையை உடலைவிட்டு விரித்துக்கொண்டு லேசாக இரைப்பது வெயில் நேரத்தில் சகஜம். தள்ளாடினாலோ, கொண்டை வெளிறித் துவண்டு படுத்துவிட்டாலோதான் அவசரம்.

நண்பகலில் வயிறு நிறையத் தானியம் போடுவதையும் நிறுத்துங்கள். செரிமானமே உடல் சூட்டைக் கூட்டும். தீவனம் விடியலிலும் வெயில் தாழ்ந்த பிறகும் போதும். மூடிய கூண்டுக்குள் தண்ணீர் தெளித்துப் புழுக்கத்தைக் கூட்டுவதும் வேண்டாம். காற்று ஈரமானால் அந்த மூச்சிரைப்பும் பலன் தராது.