கார் இல்லாமலும் போகலாம்
குளிர்காலத்தில் இங்கிலாந்தின் கிராமப்புறத்துக்குத் தம்பதியாகப் போய்வர கார் கட்டாயம் என்று நான் படித்த ஒரு பயணக் கட்டுரை அடித்துச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. காட்ஸ்வோல்ட்ஸ் என்ற குன்றுப் பகுதியின் ஒதுக்குப்புறச் சிற்றூர்களுக்கு அது பொருந்தலாம்; பீக் மாவட்டம் என்ற மலைப்பகுதிக்குப் பொருந்தாது. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே ஓடும் ரயில் ஈடேல், ஹோப், ஹேதர்சேஜ் என்று அங்குள்ள பள்ளத்தாக்குச் சிற்றூர்களின் நடுவிலேயே நின்று போகிறது. நானும் என் மனைவியும் ஜனவரியில் ஈடேலில் இறங்கி, ஹாலின்ஸ் கிராஸ் மேடு ஏறி, மறுபக்கம் உள்ள காசில்டன் ஊருக்கு நடந்தே போனோம். இடையில் 517 மீட்டர் உயர மாம் டோர் உச்சியையும் பார்த்துவிட நினைத்தால், கல் பாவிய பாதை முழுக்கக் கண்ணாடிபோல் பனி உறைந்திருந்தது. ஓரப் புல்லில் கால் ஊன்றித்தான் நகர முடிந்தது. அந்த நிலையில் மலைச்சாலையில் வண்டி ஓட்டுவதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. கட்டுரை சொல்லாமல் விட்ட முக்கியமான விஷயம் பொழுது. டிசம்பர் கடைசியில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். காலையிலேயே கிளம்பி, இருட்டுவதற்குள் கணப்பு எரியும் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும். டிசம்பர் 25 அன்று ரயிலே ஓடாது, அன்றைக்குப் பயணம் வைக்காதீர்கள்.